உர பேக்குக்குள் ஒரு வளவு

பொத்துவிலிலிருந்து பாலத்தைக் கடந்து உல்லைக்குள் நுழைந்தால் அறுகம்பேயின் ஹோட்டல் வீதி தொடங்கிவிடும். அங்கே ஒரு வாசலில் பழைய வள்ளம் ஒன்று மண் நிரம்பிக் கிடக்கிறது. கடலுக்கு உதவாமல் போன வள்ளம். அடியிலிருந்த ஓட்டையை அடைக்காமலே பட்டிப்பூவும் கற்றாழையும் நட்டிருக்கிறார்கள். உடைந்த சேர்ஃபிங் பலகையில் ஹோட்டலின் பெயர். வெறும் போத்தல்களைக் கவிழ்த்துப் புதைத்துப் பாத்திக்கு வரம்பு. வெளிநாட்டுப் பிள்ளைகள் அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது.

அந்த மதிலுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை. அதில் மூன்றாவது வீட்டு முற்றத்தில் பதினொரு உர பேக், மூன்று பெயிண்ட் வாளி, மூடி தொலைந்த ஒரு ரிஜிபோம் மீன்பெட்டி. பேக்குகளில் கொச்சிக்காயும் கத்தரியும், வாளிகளில் ரம்பை, மீன்பெட்டியில் பொன்னாங்காணி. நான் நின்று பார்ப்பதைக் கண்ட வீட்டுக்கார ராத்தாவுக்குச் சிரிப்பு. "இதில என்ன இருக்கு பாக்கிறதுக்கு? கறிக்குத்தான்" என்றார்.

கழித்த பொருளில் செடி வளர்ப்பது இப்போது வந்த நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். கல்முனைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் மூத்தம்மாவின் வளவில் கழித்த பொருள் சேராத மரம் ஒன்றுகூட இருக்கவில்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது.

எங்கள் கரையின் மண் வெறும் கடல் மணல். ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் "எங்கே?" என்று தேட வேண்டும். அதில் மரம் வைப்பதற்கு மூத்தம்மா முதலில் குழிதான் வெட்டுவிப்பார். இடுப்பளவு குழி. அடியில் பொச்சுமட்டைகளை, குழிந்த பக்கம் மேலே பார்க்க, வரிசையாக அடுக்க வேண்டும். ஏனோதானோ என்று கொட்டினால் ஏச்சு விழும். குழிந்த மட்டை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. அதன்மேல் சருகு, அடுப்புச் சாம்பல், ஆட்டுப் புழுக்கை, மீன் செதிள். பிறகுதான் கன்று. மீன் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு, அரிசி களைந்த தண்ணீர் பசளிக் கொடிக்கு, தொழுகைக்கு வுழு எடுக்கும் தண்ணீர் வாழைக்கு. கிணற்றடியில் எந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று விரலால் கீறிவைத்த வாய்க்கால்கள் இருந்தன.

புடோலுக்கும் பாகலுக்கும் பந்தல் போட்டது கிழிந்த மீன்வலையால். கொடியைக் கட்டியது தறியில் மிஞ்சிய நூல் துண்டுகளால். பக்கத்து மருதமுனை நெசவாளர் ஊராயிற்றே, நூல் துண்டுக்கா பஞ்சம்? அடி வெடித்த மண்குடத்தைக் கழுத்துவரை புதைத்து அதில் தண்ணீர் நிரப்பிவிட்டால், சுரைக்கன்று இரண்டு நாளைக்குத் தாங்கும். சிரட்டையில் நாற்று. வேலி கிடுகால் அடைத்தது, இரண்டு மாரி கண்டால் இற்றுப்போகும். இற்ற கிடுகு தென்னையின் அடிக்குப் போகும். ஆக, வேலியும் ஒருநாள் உரமாகிவிடும்.

"குப்பை போட்டியா மனே?" என்று மூத்தம்மா கேட்டால், செடிக்கு உரம் வைத்தாயா என்று அர்த்தம். பழைய தமிழில் குப்பை என்பது எருவுக்கும் பெயர். இன்று அதே கேள்வியை என் மகனிடம் கேட்டால், மாநகர சபை வண்டி வரும் நாளா என்று தேதி பார்க்கிறான்.

அந்தக் காலத்தைச் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. பொச்சுமட்டைக் குழியில் பாம்பு கிடந்ததுண்டு. வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் முருங்கையைத் தவிர வளவில் பச்சையைக் காண முடியாது. தண்ணீர் அள்ளியவர்கள் அனைவரும் பெண்கள். வாப்பாமார் காயைப் பறித்ததைத் தவிர வேறென்ன செய்தார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி வந்தது. மட்டக்களப்பையும் கல்முனைப் பக்கத்தையும் புரட்டிப்போட்டு, தென்னைகளை வரிசை வரிசையாகச் சாய்த்தது. சாய்ந்த மரமும் வீணாகவில்லை. குற்றிகள் கிணற்றடிக்குப் படியாயின, ஒழுங்கைப் பள்ளங்களுக்குப் பாலமாயின. நாலைந்து வருடத்தில் புதிய தென்னம்பிள்ளைகளும் நிமிர்ந்துவிட்டன. சூறாவளி வளவை அழிக்கவில்லை. அழித்தது நாங்கள்தான், அதுவும் நல்ல மனதோடு.

எங்கள் கரையில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தத் தாய்வழி முறையையும் குடி எனும் குல முறையையும் விரிவாக எழுதியிருக்கிறார். பெண்ணின் கையில் காணியும் கூரையும் இருப்பது பெரிய காரியம். அதைக் குறை சொல்பவன் எங்கள் ஊர்ப் பெண்களைத் தெரியாதவன்.

ஆனால் வளவின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. மூத்த மகளுக்குக் கிழக்குப் பக்கத்தில் ஒரு வீடு. இரண்டாவது மகளுக்கு மேற்கே, மாமரம் நின்ற இடத்தில். மூன்றாவது மகளுக்குக் கிணற்றை மூடி இடம் எடுத்தார்கள். இன்னொரு மகள் பிறந்தால் மேல்மாடி. இரண்டே தலைமுறையில் ஒரு வளவு ஐந்து வீடாகும். மேற்கே வயல், கிழக்கே கடல், நடுவில் பட்டி போன்ற ஒரு மணல் துண்டு. ஊர் எங்கே விரியும்? உள்ளுக்குள்தான் நெருங்கும். சாய்ந்தமருதில் சில ஒழுங்கைகளில் எதிரே குடை பிடித்து ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மிஞ்சிய முற்றத்துக்கும் மத்தியகிழக்குச் சம்பளம் வந்து சேர்ந்தது. முதலில் சிமெந்து போட்டார்கள், பிறகு இன்ரலொக் கல் பதித்தார்கள். கூட்டிப் பெருக்குவதற்குச் சுகம், கால் சுடுவதுதான் கொஞ்சம் கூடுதல். எங்கள் மூத்தம்மாவின் வளவில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கறிவேப்பிலை மரம். அது மூன்று வீடுகளின் எல்லைச் சுவர் சந்திக்கும் மூலையில் நிற்பதால் வெட்ட யாருக்கும் உரிமையில்லை. பறிக்க மூன்று வீட்டாருக்கும் உரிமை உண்டு.

பிறகு 2004 டிசம்பர் 26, சுனாமி. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். இலங்கையில் அன்று ஆகக்கூடுதலானோர் உயிரிழந்த மாவட்டம் எங்களுடையது. செடியையும் கொடியையும் பற்றிப் பேசுகிற இடத்தில் அந்த நாளைக் கடப்பது சங்கடம்தான். ஆனாலும் கிணறுகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

எங்கள் மணலுக்குள் இருக்கும் நன்னீர் மழையால் வந்து, உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருப்பது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு அது உப்பை அழுத்திவைக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மேலே குறைந்தால் கீழிருந்து உப்பு ஏறும். சுனாமிக்குப் பின் உதவிக்கு வந்தவர்கள் நல்லெண்ணத்தில் கிணறுகளை இயந்திரம் வைத்து இறைத்தார்கள், திரும்பவும் இறைத்தார்கள். அளவுக்கு மீறி இறைத்த கிணறுகளில் கீழிருந்த உப்பும் மேலே வந்தது. கிழக்குக் கரையின் கிணறுகளை ஆய்ந்தவர்கள் பிறகு இதை எழுதினார்கள். மழைக்கு விட்டுவைத்த கிணறுகள் மெல்ல மெல்லத் தெளிந்தன. கடல் தண்ணீர் நின்ற வளவுகளில் முருங்கையும் மாவும் நின்றபடியே கருகிப்போக, தென்னை மட்டும் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டது.

அந்த நாட்களில் கரைமுழுக்கப் புதுவகைக் கழிபொருள் வந்து இறங்கியது. நிவாரணத் தறப்பாள், நீலத் தண்ணீர்த் தாங்கி, வெளிநாட்டு எழுத்து அச்சிட்ட வாளி, உதவியாகக் கிடைத்து இரண்டு பருவம்கூடத் தாங்காத கண்ணாடியிழைப் படகு. தற்காலிகக் கொட்டில்களின் வாசலில் பெண்கள் அந்த வாளிகளில்தான் முதலில் கொச்சிக்காய் நட்டார்கள். கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு கோடு கீறிவைத்திருந்த காலம் அது. சொந்தக் காணிக்கு எப்போது போவோம் என்று யாருக்கும் தெரியாது. தூக்கிக்கொண்டு போகக்கூடிய தோட்டம்தான் அப்போது புத்திசாலித்தனம். எங்கள் ஊரில் மண்ணுக்குள் இருந்த தோட்டம் பாத்திரத்துக்குள் ஏறியது அங்கேதான் என்பது என் எண்ணம்.

வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லிக் கொழும்பிலிருந்தும் அவ்வப்போது அழைப்பு வந்தது. 2007இல் 'அபி வவமு, ரட்ட நகமு'. 2011இல் 'வாழ்வின் எழுச்சி'. 2020இல் கொரோனா வந்ததும் 'சௌபாக்கியா'. ஒவ்வொன்றுக்கும் விதைப் பக்கெற் தந்து படமும் எடுத்தார்கள். விதை சில வீடுகளில் முளைத்தது, சில வீடுகளில் அலுமாரியில் கிடந்தது. வளவே இல்லாத வீட்டுக்குப் பூசணி விதை கொடுத்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

உண்மையான அழைப்பு வயிற்றிலிருந்து வந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். நவம்பரில் அதை வாபஸ் வாங்கினார்கள். அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அம்பாறை நாட்டின் நெற்களஞ்சியங்களில் முதல் வரிசை. முன்பொரு காலத்தில் மானியத்தில் 350 ரூபாய்க்குக் கிடைத்த 50 கிலோ உர பேக்கைப் பின்னர் கறுப்புச் சந்தையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்! உரம் இல்லை. பழைய வெறும் பேக்குகள் மட்டும் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் அடுக்கிக் கிடந்தன. அவற்றில் மண்ணை நிரப்பிக் கத்தரி நட்டார்கள். பேக்கின் மேல் யூரியா என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது ஆட்டுப் புழுக்கை.

2022 ஜூனில் அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வீட்டில் தோட்டம் செய்யுங்கள் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நாள். காலையில் குளித்து, பகலில் புரியாணி, பின்னேரம் தூக்கம். அந்த நாளைப் பார்த்தா மண்வெட்டியைத் தருவது என்று சிரித்தோம். சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். நூறு கிராம் பச்சைக் கொச்சிக்காயின் விலையைக் கேட்டுவிட்டு ஐம்பது கிராம் வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு பேக் வைத்து ஒரு குடும்பத்தைச் சாப்பிட வைக்க முடியாது. சோறு வயலிலிருந்துதான் வர வேண்டும், மீன் கடலிலிருந்து. பேக் தருவது கொச்சிக்காய், கறிவேப்பிலை, ரம்பை, ஒரு நேரக் கீரை, வாரத்துக்கு இரண்டு கறிக்குக் கத்தரி. அன்றாடம் கடைக்கு ஓடவைக்கும் சில்லறைச் சாமான்கள். அந்தச் சில்லறை மிச்சம் பிடித்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். நெருக்கடி கொஞ்சம் தளர்ந்ததும் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். விடாதவர்கள் பெரும்பாலும் ஐம்பது தாண்டிய பெண்கள். கை மறக்காதவர்கள்.

அந்தக் கைகளிடம் கேட்டு எழுதிக்கொண்டவை சில. பேக்கின் வாயைப் பாதிவரை மடித்து நிரப்ப ஆரம்பித்து, செடி வளர வளர மடிப்பை அவிழ்த்து மேலே குப்பை போட வேண்டும். அடியில் மூன்றில் ஒரு பங்குக்குப் பொச்சுமட்டைத் துண்டுகள், குழிந்த பக்கம் மேலே பார்க்க. மூத்தம்மாவின் குழி அப்படியே பேக்குக்குள் வந்துவிட்டது. பெயிண்ட் வாளி என்றால் ஓட்டையை அடியில் போடாமல் இரண்டு விரல் உயரத்தில் பக்கவாட்டில் போட்டால், கச்சான் காலத்தில் அடியில் கொஞ்சம் ஈரம் நிற்கும். மீன்பெட்டி வேருக்குக் குளிர்ச்சி. ஆனால் உப்பும் ஐஸும் கிடந்த பெட்டி, இரண்டு மழையில் போட்டுக் கழுவாமல் நடக்கூடாது. பூச்சிமருந்துக் கான் எவ்வளவு கழுவினாலும் சாப்பாட்டுச் செடிக்கு ஆகாது.

குறைகளும் உண்டு. உர பேக் வெயிலில் ஒரு வருடத்துக்கு மேல் தாங்குவதில்லை. நூல் நூலாக உதிர்ந்து மணலோடு கலந்துவிடும், பிறகு பொறுக்க முடியாது. இற்ற கிடுகு உரமானது, இற்ற பேக் ஆகாது. கழித்த பொருள் முன்பு செடிக்குள் போய்விட்டது, இப்போது செடியைச் சுற்றி நிற்கிறது. வித்தியாசம் வேறிடத்தில் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான்.

டெங்கு அதைவிடப் பெரிய வில்லங்கம். டயரிலும் வெறும் யோகட் கப்பிலும் மழைத்தண்ணீர் நின்றால் நுளம்பு வந்துவிடும். மாரி தொடங்கியதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பீ.எச்.ஐ., வீடு வீடாக வருவார். தோட்டக்காரப் பெண்ணுக்கும் அவருக்கும் நடக்கும் வாக்குவாதத்தை எங்கள் ஒழுங்கையில் வருடாவருடம் கேட்கலாம். என் வாக்கு பீ.எச்.ஐ. பக்கம். மண் நிரப்பாத பாத்திரம் தோட்டமில்லை, கவிழ்த்துவைக்க வேண்டும்.

இவ்வளவு குறை இருந்தும் இந்த வாளிகளையும் பெட்டிகளையும் நான் ஏன் தூக்கிப் பிடிக்கிறேன்? அவை வேறு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அட்டாளைச்சேனைப் பக்கம் அஷ்ரப் நகருக்கு அருகே பள்ளக்காடு என்று ஓரிடம். சுற்றுவட்டாரத்து ஊர்களின் குப்பை ஆண்டுக்கணக்கில் அங்கே திறந்தவெளியில் கொட்டப்பட்டது. யானைகள் வந்து அதைத் தின்றன. எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அந்தப் பிளாஸ்டிக்கைத் தின்று செத்ததாக 2022 தொடக்கத்தில் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. இறந்த யானைகளின் வயிற்றில் பொலித்தீனும் சாப்பாட்டுப் பொதிச் சுற்றுகளும் இருந்தன. எங்கள் வீட்டு வாசலில் கட்டிவைத்த பைகள்தான் அவை. 2017இலும் 2021இலும் சில பிளாஸ்டிக்குகளைத் தடைசெய்து சட்டம் வந்தது. கடைக்குப் போய்ப் பாருங்கள்.

அறுகம்பேயில் இந்த எண்ணம் சிலருக்கு முன்பே வந்திருக்கிறது. பழைய அரிசிப் பைகளைக் கழுவித் தைத்துத் தோள்பை ஆக்கும் 'ரைஸ் அன்ட் கெரி' இந்தப் பக்கத்தில்தான் இயங்குகிறது. பொத்துவில் பெண்கள் தைக்கிறார்கள், சுற்றுலாப் பயணிகள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். வெறும் பைக்கு விலை இருக்கிறது என்று ஊருக்குக் காட்டியதே பெரிய காரியம். உர பேக்கில் முளைத்த கத்தரிக்குத்தான் இன்னும் யாரும் அப்படி ஒரு மரியாதை கொடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று, உல்லை ஹோட்டல்காரக் காக்காமாருக்கு. உங்கள் சீசன் சித்திரையில் தொடங்கி ஐப்பசியில் முடிகிறது. பயணிகள் போனதும் நீங்கள் கழிக்கிறீர்கள்: பெயிண்ட் வாளி, மீன்பெட்டி, உடைந்த பேசின், தண்ணீர்க் கான், கிழிந்த நிழல்வலை. சரியாக அந்த வாரங்களில்தான் எங்கள் பக்கத்தில் மாரி மழை இறங்குகிறது, பெண்கள் நாற்றுப் போடுகிறார்கள். இவ்வளவு பொருத்தமான கலண்டரை நாமே உட்கார்ந்து போட்டிருந்தாலும் போட்டிருக்க மாட்டோம். அந்தச் சாமான்களைப் பின்பக்கம் குவித்து எரிக்காதீர்கள், பள்ளக்காட்டுப் பக்கமும் அனுப்பாதீர்கள். கவிழ்த்து, வாசலுக்கு வெளியே ஒழுங்கைப் பக்கமாக வையுங்கள். ஒரு ராத்தா வந்து எடுத்துப் போவார். அடுத்த சீசனுக்கு உங்கள் குசினிக்குக் கொச்சிக்காய் தேவைப்பட்டால் அவரிடமே விலை கேட்டு வாங்குங்கள்.